மாதிரி எண் 117

கவுன்சில் எங்களுக்குக் கொடுத்தது
கம்பளி கத்தரிக்கும் பழைய கொட்டகை ஒன்று,
இரண்டு தராசு, பதினாறு வாளி,
முழங்கைவரை ஏறும் கையுறை,
ஒரே ஒரு விதி:
காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது.

இருநூறு பைகள்.
செவ்வாய் விடியுமுன், குப்பை லாரிக்கு முன்னால் ஓடி,
எந்த வீடு என்று குறிக்காமல்
தெருவுக்கு ஆறாக அள்ளி வந்தோம்.
தூங்குகிற ஊரின் வயிற்றை
அதற்குத் தெரியாமல் கழற்றி வந்ததுபோல் இருந்தது.

நியூசிலாந்தின் தென்தீவில் ஜூலை என்றால் உறைபனி.
அதனால் பிழைத்தோம்.
மூன்றாம் நாள் மூக்கு சமாதானமாகிவிட்டது.
கண் ஆகவில்லை.

உறை பிரிக்காத ரொட்டி.
ஆளுக்கொரு கடி பட்ட பேரிக்காய்கள், ஒன்பது.
பாத்திரத்தின் வட்டம் கலையாமல்
அப்படியே கவிழ்ந்த ஓட்ஸ் கஞ்சி.
ஏழு என்ற மெழுகுவத்தி குத்தி நிற்க
வெட்டாத கேக் ஒன்று.
ஒன்றே கால் கிலோ என்று எழுதினேன்.
ஏன் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது
குழியில் போட்டதற்கும் பொருந்தியது.

நூற்று பதினேழாவது பையை
அவிழ்க்கப் போன நையரி நின்றாள்.
ஆரஞ்சு நிறக் கயிறு. இரட்டை முடிச்சு.
கத்தி கையில் இருந்தும்
நகத்தால் நெம்பி, சரியான இடத்தில் இழுத்து,
ஒரே இழுப்பில் திறந்தாள்.
ஆட்டுக்கால் எலும்பு, கறியோடு.
பூசணியின் பாதி.
நேற்றைய சோறு, முந்தாநாள் சோறு.
'உணவு, ஆறு கிலோ முந்நூறு' என்றாள்.
அன்றைய பைகளில் அதுதான் அதிகம்.

கை கழுவும்போது தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்:
அந்தக் கயிறு எங்கள் வைக்கோல் கட்டினுடையது.
படிக்கக் கூடாது என்றேன்.
முடிச்சு எழுத்து இல்லையே என்றாள்.

திட்ட அறிக்கை அறுபத்து நான்கு பக்கம்.
மணல்மேட்டுக்குப் பின்னுள்ள கிடங்கு
ஒன்பது ஆண்டில் நிரம்பும்.
ஆறு ஒரு வெள்ளத்தில் கரையைத் தின்றால்
அதற்கு முன்பே கடலுக்குப் போகும்.
எங்கள் கொட்டகை அதில் ஒரு வரியாயிற்று:
நூற்றில் நாற்பத்தேழு, மண்ணாகக் கூடியது.

உறுப்பினர் ஃபார்க்கர் எழுந்தார்.
வாளி நாறும். எலி வரும்.
வீட்டுக்கு ஆண்டுக்கு எழுபத்தெட்டு டாலர்.
மூன்றும் பொய்யில்லை.
போன வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு
டிராக்டரில் குடிநீர் கொண்டுவந்தவர் அவர்தான்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்.
நையரி எடுத்துக்கொண்டது இருபது விநாடி.
நூற்று பதினேழு என் வீட்டுப் பை.
எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை என்று
நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.
உட்கார்ந்துவிட்டாள்.
யாரோ இருமினார்கள்.

ஆறுக்கு ஐந்து.
அவள் பேச்சால் என்று சொல்ல மாட்டேன்.
கிடங்கில் கொட்டுகிற டன்னுக்கு
அரசு ஏற்றிய வரிதான் ஆறாவது கை.

அடுத்த ஜூலை. ஆட்டுச்சந்தைக்குப் பின்னால்
நீள நீளக் குவியல்கள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு,
உள்ளே அறுபத்து மூன்று.
விடியலில் ஆவி எழும்போது
மேய்ச்சல் முடித்த மந்தை ஒன்று
படுத்து மூச்சு விடுவதாகத் தோன்றும்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை அதில் காய்ச்சிக்கொள்வாள் நையரி.

குவிப்பதற்கு முன் பொறுக்கும் மேசை ஒன்று உண்டு.
பிளாஸ்டிக் முள்கரண்டி, குழந்தையின் ஈர அணையாடை,
ரொட்டிப் பையின் நீலக் கவ்வி,
இன்னும் வருகின்றன.
நேற்று எட்டு என்ற மெழுகுவத்தி வந்தது.
திரி கருகியிருந்தது.

பச்சை மூடி வாளியில் மெழுகு போடாதீர்கள் என்று
சீட்டு ஒட்டிவிட்டு வர வேண்டும்.
எந்த வீடு என்று தெரியாது.
மேசை விளிம்பில் நிற்கிறது அது,
எடுத்துப் போட
இருவருக்கும் மனமில்லாமல்.